டார்ச் மட்டும் பிடித்த பையன்

பொங்கல் முடிந்த கையோடு நானும் என் மனைவியும் சென்னைக்குப் போய் மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். வேளச்சேரியைத் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. மகன், மருமகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு எட்டு.

போன முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வயதானால் காது மந்தமாகும் என்கிறார்கள். எனக்கு இந்த மாதிரி சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. காலையில் மகனிடம் சொன்னேன்.

"ஆமாம்ப்பா, ரெண்டு வாரமா சொட்டுது. போன்ல புக் பண்ணிருக்கேன். செவ்வாய்க்கிழமை ஆள் வருவான்."

"ஒரு குழாய் சொட்டுறதுக்கு ஆளா? அதுக்கு வந்து பார்க்கவே தனியா காசா?"

"எனக்குத் தெரியாதேப்பா."

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். நீராவி எஞ்சினில் வால்வு மாற்றியிருக்கிறேன். என் பிள்ளை வீட்டில் குழாய்க்கு வால்வு மாற்ற ஆள் வருகிறான் என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை. "என் பிள்ளையா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இல்லையாடா? நம்ம வீட்டுல எத்தனை ஞாயித்துக்கிழமை இதெல்லாம் பண்ணிருக்கோம்!" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க பண்ணீங்கப்பா. நான் டார்ச்தானே பிடிச்சேன்?"

அந்தப் பேச்சு அதோடு நின்றது. எனக்கு மட்டும் அன்று முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சு வராமல் இருக்காது. பல்பு மாற்ற ஆள், படம் மாட்ட ஆள், எல்லாவற்றுக்கும் போன். காரணம் செல்போன் என்போம், சோம்பேறித்தனம் என்போம், கையில் காசு புரள்கிறது என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், செல்போன் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்தக் கதை முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. முடித்து வைத்தவர்கள் நாம்தான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1979-இல் கடன் வாங்கி வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் கிணறு. உள்பக்கம் மட்டும் பூச்சு. வெளிச்சுவருக்குப் பூச்சு வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. கடன் தவணை போக மீதிச் சம்பளத்தில் ஆள் கூப்பிடுவது என்ற பேச்சே கிடையாது. வாரத்தில் ஆறு நாள் பணிமனைக்கு, ஏழாவது நாள் வீட்டுக்கு என்று கணக்கு.

காலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவேன். அது ஊறும் நேரத்தில் குழாய் வேலை. அப்போது குழாய்க்குள் ஒரு வாஷர் இருக்கும், தோலில் அல்லது ரப்பரில். தேய்ந்தால் பழைய செருப்பின் அடிப்பாகத்திலிருந்து வட்டமாக ஒன்றை வெட்டிப் போடுவோம். மரைக்கு சணல் நூலைச் சுற்றி சபேதா தடவி முறுக்குவோம். அது முடிந்தால் நாடாக் கட்டிலை வாசலில் போட்டுத் தளர்ந்த நாடாவை இழுத்துக் கட்டுவது. மூட்டைப்பூச்சி இருந்தால் மூட்டுகளில் மண்ணெண்ணெய். ஃப்யூஸ் போனால் கேரியரை உருவிப் புதுக் கம்பி.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய வேலை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது. காந்தி மார்க்கெட் பக்கம் போய்ச் சுண்ணாம்புக் கல் வாங்கி வருவேன். பழைய எண்ணெய் டின்னில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிடுவேன், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரமும் கஞ்சியும் சேர்த்து, வெள்ளை எடுப்பாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலம் போடுவோம். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மட்டையால் அடிக்க வேண்டும்.

புதிதாக அடிப்பவர்கள் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது சுவர் வெளுக்காது, அழுக்குத் தண்ணீர் பூசினாற்போல இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாகிறது. எந்தக் கல்லைச் சூளையில் சுட்டார்களோ அதே கல். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவர் கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர் என்பதால் வாயுவின் பேர் தெரியாது. "காத்தைக் குடிச்சாத்தான் சுண்ணாம்பு கெட்டிப்படும்" என்பார். வாயுவின் பேரை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன்.

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் உங்க ஞாயித்துக்கிழமையாவே இருக்கே, என் ஞாயித்துக்கிழமை எங்கே?" என்றாள். நியாயமான கேள்வி. நான் சைக்கிளைத் துடைத்த நேரத்தில் அவள் திரி ஸ்டவ்வைப் பிரித்து, கருகிய திரிகளை ஒரே மட்டமாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருப்பாள். காஸ் இணைப்புக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன் எழுந்து கூழ் கிண்டி, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிவாள். கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய், சீயக்காய் அரைக்கக் கொடுப்பது, தலையணைக்கு உறை தைப்பது எல்லாம் அவள்தான். நான் வேலை முடித்து ஈஸிசேரில் சாய்ந்தால் ஊரே பார்த்து, "பாவம், ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் உக்காரலை" என்று சொல்லும். அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் உட்காரவே இல்லை என்பதை நானும் கவனித்ததில்லை.

இனி மகன் சொன்னதற்கு வருகிறேன்.

1991 பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. அவனுக்கு ஒன்பது வயது. வெள்ளையடிக்க நானும் வருவேன் என்று காலையிலிருந்து பின்னாலேயே சுற்றினான். சரி என்று சின்ன மட்டை ஒன்றைக் கொடுத்து, கிணற்றடிச் சுவரில் ஒரு மூலையைக் காட்டினேன். கால் மணி நேரத்தில் தரையெல்லாம் சுண்ணாம்பு, அவன் சட்டையெல்லாம் சுண்ணாம்பு, சுவரில் மட்டும் திட்டுத் திட்டாக. நான் அடித்து முடித்திருந்த பக்கத்திலும் கையை வைத்துவிட்டான். எனக்கு அவசரம், இருட்டுவதற்குள் முன்பக்கம் முடிக்க வேண்டும். "ஒரு வேலையை இரண்டு வேலை ஆக்காதே, குடு அதை! போய்ப் படி. இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று மட்டையைப் பிடுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் கேட்டதில்லை. நான் ஃப்யூஸ் போடும்போதும் குழாய் பிரிக்கும்போதும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். அதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டியிருக்கிறேன். "எங்கேடா வெளிச்சம் காட்டறே, என் கை இங்கே இருக்கு!" என்று. இதைப் படிக்கிற பல வீடுகளில் இதே வசனம் பேசப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் வேலை கற்ற விதம் இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1967-இல் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து, இதைச் சதுரமாக ராவு என்றார்கள். வாரக்கணக்கில் அதுதான் வேலை. மூலமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் இடுக்கு தெரியும். மறுபடி ராவு. ராவி ராவித் துண்டு தேய்ந்து உதவாமல் போனால் இன்னொரு துண்டு கொடுத்தார்கள். யாரும் அரத்தைப் பிடுங்கவில்லை. சர்க்கார் இரும்பைக் கெடுத்துத்தான் நான் தொழில் கற்றேன். என் பிள்ளைக்கு ஒரு முழச் சுவரைக் கெடுக்க நான் இடம் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? அவசரம், முன்கோபம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அன்றைக்கு என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையனை விரட்டியதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி. "ஆமாம், அவன் படிக்கட்டும்" என்றார்.

அவர் வாழ்க்கை முழுக்கச் சாரத்தில் நின்றவர். கைவிரல் நுனிகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் தின்றிருக்கும். கட்டி முடித்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடக்கும்போது வெளியே நிற்க வைத்து வேட்டியும் சோறும் கொடுத்து அனுப்புவார்கள். அவர் என்னிடம் சின்ன வயதிலிருந்து சொன்னது ஒன்றுதான்: "கரணை உன் கையில ஏறக்கூடாது." 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. எனக்கு அப்போது நாலைந்து வயது. பிற்காலத்தில் அப்பா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் மாறிவிடும். "கொத்தனார் பிள்ளை கொத்தனாராவே இருக்கணுமா?" என்பார்.

ஆகவே, கைவேலையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. அது ஒரு தலைமுறையின் வைராக்கியம். கையால் செய்கிற வேலையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிப் புத்தகத்தின் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்ற வைராக்கியம். அதில் ஜெயித்தோம். என் மகன் இஞ்சினியர். அப்பாவின் ஆசை நிறைவேறியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அவசரத்தில் ஒன்றைத் தவறாகச் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்று இப்போது படுகிறது. பிழைப்புக்காக வேறு வழியில்லாமல் செய்கிற வேலை வேறு, தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வது வேறு. முதலாவதிலிருந்து பிள்ளையை விடுவிப்பதாக நினைத்து இரண்டாவதையும் பிடுங்கிவிட்டோம். கூடவே, கையில் அழுக்குப்படுகிற வேலை நம்மைவிடக் குறைந்தவர்கள் செய்வது என்ற எண்ணத்தையும் நாம் அறியாமலே உள்ளே ஏற்றிவிட்டோம். கொத்தனார் மகனாகிய நானே, "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

மகள் விஷயம் இன்னும் மோசம். அவள் மகனுக்கு மூத்தவள், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்கு டார்ச்கூடக் கொடுத்ததில்லை. வடாம் பிழிய, காக்காய் விரட்ட, அம்மாவுக்குத் திரி கோக்க என்று கூப்பிடுவோம். அவளுக்கு வேலை இருந்தது, கருவி கிடையாது. சென்னையிலிருந்து வந்த பிறகு இதை அவளிடம் போனில் சொன்னேன். "ஆமாம்ப்பா, அந்த ஸ்பேனர் பெட்டியை நான் தொடவே கூடாதுன்னு வெச்சிருந்தீங்க. எனக்குத்தான் ஆசை ஜாஸ்தி" என்றாள். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இளம் குடும்பங்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் அவர்களுக்கு நேரம் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் சம்பாதித்தோம், ஒருவர் வீட்டைப் பார்த்தோம். இப்போது இரண்டு பேரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் மாவு அரைக்கவும் தூங்கவும் இருக்கிற ஒரே நாள். அடுக்குமாடியில் சுவரில் துளை போட வேண்டுமென்றாலும் நேரம் காலம் பார்க்க வேண்டும். இரண்டாவது, பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் பெயிண்டரும் பிழைக்க வேண்டும். என் அப்பாவை யாராவது கூப்பிட்டதால்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம்.

மூன்றாவது, சில வேலைகளில் கை வைக்கவே கூடாது. அந்தக் காலத்தில் அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று நானே ஒரு தடவை தடிமனான கம்பியைப் போட்டேன். ஃப்யூஸ் போகவில்லை, சுவருக்குள் இருந்த ஒயர் உருகியது. வீடு தப்பியது தெய்வாதீனம். இப்போது அந்த இடத்தில் பிரேக்கர் இருக்கிறது. அது விழுந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம், தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். காஸ் குழாய், உயரத்தில் ஏறுகிற வேலை இதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி யாருக்குமே வேண்டாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு வண்டி இருக்கிறது.

பிறகு எதற்காகச் செய்யச் சொல்கிறேன்? காசு மிச்சமாகும் என்பதற்காக இல்லை. அவர்கள் சம்பளத்துக்கு அது ஒரு காசே இல்லை. எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்: ஒரு வேலையை ஒரு தடவையாவது தன் கையால் செய்து பார்த்தவன், அதைச் செய்ய வருகிறவரிடம் மரியாதையாகப் பேசுவான். "பத்து நிமிஷ வேலை, இதுக்கு முந்நூறு ரூபாயா?" என்று கேட்க மாட்டான். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பான். என் அப்பா வெளியே நின்று சாப்பிட்ட வீடுகளில் ஒருவருக்காவது கரணை பிடித்த அனுபவம் இருந்திருந்தால் அவரை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

இன்னொரு காரணம், பிள்ளைகளுக்கு இது தன் வீடு என்ற நினைப்பு. என் மகன் இன்றைக்கும் திருச்சி வீட்டுக்கு வந்தால் கிணற்றடிப் பக்கம் போய் நிற்பான். அந்தச் சுவரில் அவன் அடித்த திட்டு இல்லை, மேலே நான் மறுபடி அடித்து மறைத்துவிட்டேன். அதை விட்டு வைத்திருக்கலாம்.

சரி, அந்தக் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகனே வந்து, "சொல்லுங்கப்பா, நானே பார்க்கிறேன்" என்றான். வரவேண்டிய ஆளை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டானாம். நான் எழுந்தேன். மருமகள் சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க சேர்ல உக்காந்து சொல்ல மட்டும் சொல்லுங்க" என்றாள். என்னைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள்.

முதலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கலாம் என்றேன். பேரன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான், ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு. கீழே டம்ளர் வைத்து ஒரு மணி நேரம் பிடித்தோம். பேத்தி மருந்து ஊற்றும் அளவுக் குப்பியால் அளந்தாள், 180 மில்லி. 24-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு நாலே கால் லிட்டருக்கு மேல். இரண்டு வாரத்துக்கு அறுபது லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற குடியிருப்பு அது. பிள்ளைகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்கள்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடச் சொன்னேன். மகன் கைப்பிடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தால் எனக்குத் தெரிந்த வாஷர் இல்லை. இப்போதைய குழாய்களில் பீங்கான் தகடு இரண்டு ஒன்றின் மேல் ஒன்று சுழல்கிற மாதிரி ஒரு ஸ்பிண்டில் இருக்கிறது. அதை முழுசாக மாற்ற வேண்டும். எனக்கும் அது புதுசு. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு மகனும் பேரனும் தெருமுனைக் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார்கள். ஸ்பேனரைப் பேத்தி பிடித்தாள். எதிர்ப்பக்கம் திருப்பினாள், பிறகு சரியான பக்கம் திருப்பினாள். தண்ணீரைத் திறந்தால் சொட்டவில்லை, ஆனால் குழாய் தலைகீழாக வேலை செய்தது. மூடினால் வருகிறது, திறந்தால் நிற்கிறது! அந்த ஸ்பிண்டிலில் வலம், இடம் என்று இரண்டு வகை உண்டாம். மறுபடி கடைக்கு ஓட்டம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாராம்.

மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு நல்ல பிளம்பருக்குப் பத்து நிமிஷ வேலை. தரையெல்லாம் தண்ணீர். அந்த இரண்டு மணி நேரமும் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "குடு இங்கே" என்ற வார்த்தை ஐந்தாறு தடவை தொண்டை வரை வந்தது. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. கடைசியில் பேரன் டம்ளரைக் கீழே வைத்து, ஒரு சொட்டாவது விழுகிறதா என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தான். விழவில்லை. அன்று வீட்டுக்கு வந்த கூரியர் பையன்வரை எல்லோருக்கும் அந்தக் குழாயைத் திறந்து மூடிக் காட்டினான்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து மகன் ஒரு படம் அனுப்பினான். பிள்ளைகளின் புத்தகத்துக்குச் சுவரில் அவர்களே ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். ரசமட்டமே வைக்க வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது, வலப்பக்கம் அரை அங்குலம் இறக்கம். ஒரு பென்சிலை வைத்தால் உருண்டுவிடும். பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குன்னு மட்டும் போடுங்க" என்றாள். அப்படியே போட்டேன்.

கோடை விடுமுறை வருகிறது. பேரன் பேத்திகள் வருவார்கள். என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்க காலத்துல..." என்று தொடங்காமல், ஸ்பேனர் பெட்டியைத் திறந்து அவர்கள் முன்னால் வையுங்கள். பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். பையனை வடாம் பிழியவும் கூப்பிடுங்கள், மாவு சிந்தினால் சிந்தட்டும். சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், மின்விசிறித் துடைப்பு, தொட்டிச் செடி என்று ஏதாவது ஒன்று. ஒரு ஞாயிறுக்கு ஒரு வேலை போதும். செய்வது அவர்களாக இருக்கட்டும். டார்ச்சை நாம் பிடிப்போம்.

கொஞ்சம் கை நடுங்கும். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வோம்.